பழைய குழந்தைகள் கலைக்களஞ்சியம் கையில் கிடைத்தால்

நான் நூலகர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில், நூலக அறையைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்றும்போது பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். பழைய பேப்பர்காரர் தராசில் ஏற்றிய ஒரு கட்டில் நீலத் துணி அட்டை போட்ட கனத்த ஆங்கிலப் புத்தகங்கள் தெரிந்தன. அவர் கேட்ட விலையைக் கொடுத்து, கட்டோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிரித்து எண்ணினால் ஒன்பது. ஆர்தர் மீ என்பவர் தொகுத்த ‘சில்ட்ரன்ஸ் என்சைக்ளோபீடியா’, மொத்தம் பத்துத் தொகுதி. பத்தாவதைக் காணோம். அந்தப் பத்தாவதில்தான் இன்டெக்ஸ் இருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இந்த மாதிரிப் பழைய செட் உங்கள் கையில் கிடைத்தாலோ, இணையத்தில் ஸ்கேன் பிரதி கண்ணில் பட்டாலோ, அதை எப்படிப் படிப்பது என்று எனக்குப் பழகிய வழியைச் சொல்கிறேன். தகவலுக்காக அதைப் படிக்கவேண்டாம். தகவல் பழசாகியிருக்கும். எந்தக் காலத்தில், யார், எப்படிப்பட்ட குழந்தையை மனதில் வைத்து அதைச் செய்தார்கள் என்று பார்ப்பதில்தான் ருசி.

வரிசையைப் பாருங்கள்

முன்னுரையை விட்டுவிடுங்கள். முன்னுரையில் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். நேராக உள்ளே போய், எதற்கு அடுத்து எது வருகிறது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். இருபது தலைப்பு போதும்.

1658-இல் நியூரம்பர்க் நகரில் அச்சான, கொமேனியஸ் என்ற கல்வியாளரின் ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ நூலை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கான படப் புத்தகம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குவார்கள். நூற்றைம்பது பாடம். முதல் பாடம் கடவுள். பிறகு உலகம், வானம், நெருப்பு, காற்று, நீர், மண் என்று வந்து, செடி, விலங்கு, மனித உடல், தொழில்கள் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, கடைசிப் பாடம் இறுதித் தீர்ப்பு நாள். படைப்பு எந்த வரிசையில் நடந்தது என்று அவர் நம்பினாரோ, அந்த வரிசையிலேயே குழந்தையைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். நடுவில் ஓடிப்போய் யானையைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சூடாமணி நிகண்டும் (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்) இப்படித்தான்: தேவப்பெயர்த் தொகுதி, மக்கட்பெயர்த் தொகுதி, விலங்கின்பெயர்த் தொகுதி, மரப்பெயர்த் தொகுதி என்று மேலிருந்து இறங்கி வரும். தேடி எடுக்கிற புத்தகமாக அதை நினைத்திருக்கமாட்டார்கள். வாயில் ஏற்றிக்கொள்ளவேண்டியது. ஏறிவிட்டால் தேடவே வேண்டாமே.

அடுத்து ஜெர்மனியின் வைமார் நகரத்துப் பதிப்பாளர் பெர்டுக். 1790-இல் அவர் தொடங்கிய படப் புத்தகம், அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 1830 வரை பன்னிரண்டு தொகுதியாக வந்தது. சின்னச் சின்ன இதழாக வரும். ஒரு தாளில் பறவை, அடுத்த தாளில் எங்கோ ஒரு நாட்டு உடை, அதற்கடுத்து ஒரு செடி. கலைந்துகிடப்பது கவனக்குறைவால் வந்ததல்ல. ஒரே விஷயத்தைத் தொடர்ந்து காட்டினால் குழந்தைக்குச் சலித்துப்போகும் என்று வேண்டுமென்றே கலைத்துப் போட்டார்.

ஆர்தர் மீயும் அதே கட்சிதான். 1908 மார்ச்சில் லண்டனில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஐம்பது இதழ். 1910 பிப்ரவரியில் முடித்தார். பிறகுதான் எட்டுத் தொகுதியாகக் கட்டினார்கள், பத்தானது 1920-களில். விண்வெளி, விலங்கு, வரலாறு, கதை, கவிதை, பைபிள், செய்து பார்க்கும் வேலை என்று ஏராளமான பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு அத்தியாயம் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். வரலாறு மட்டும் படிக்க ஆசைப்பட்டால் இருக்கிற தொகுதி எல்லாவற்றையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்காரவேண்டும். நான் அப்படி உட்கார்ந்துதான் படித்தேன். கால் மரத்துப்போனது.

ஏன் இப்படி என்று யோசித்தபோது எனக்குப் பிடிபட்டது ஒன்று: வரிசை என்பது குழந்தை எவ்வளவு நாள் காத்திருக்கவேண்டும் என்ற கணக்கு. மீயின் இதழை வாங்கும் குழந்தைக்கு இந்தப் பதினைந்து நாளுக்குள்ளேயே எல்லாவற்றிலும் ஒரு வாய் கிடைத்துவிடவேண்டும். அகரவரிசையில் போட்டிருந்தால் மாதக்கணக்கில் ‘ஏ’யையும் ‘பி’யையும் கட்டிக்கொண்டு அழுதிருக்கும்.

இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதி, 1968 முதல் 1976 வரை வந்தது. அகரவரிசை. முதன்மை ஆசிரியர் பெ. தூரன், எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர். கச்சேரி கேட்பவர்களுக்கு முருகன் பாட்டுகளால் தெரிந்தவர். அதற்கு முன்பே, பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954-இல் தொடங்கி 1968-இல் முடித்திருந்தார்கள். அந்தக் களைப்பு தீருமுன்னே குழந்தைகளுக்கு ஒன்று என்று உட்கார்ந்தவர்களை என்ன சொல்வது!

1968-இல் எனக்கு எட்டு வயது. முதல் தொகுதியை ஊர் நூலகத்தில் பார்த்தேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொடுகிற பெரியவர்களைப் பார்த்து நானும் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது விமானம். எங்கள் ஊருக்கு மேலே எப்போதாவது ஒன்று போகும், அவ்வளவுதான் நான் கண்ட விமானம். ‘வ’ வரிசை எப்போது வரும் என்று நூலகரைக் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடைசித் தொகுதி வந்த வருஷம் நான் தாவணி போட்டு எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக்கொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. அகரவரிசையில் தொகுதி தொகுதியாக வரும் எந்தப் புத்தகத்துக்கும் இதுதான் கதி. எட்டு வருஷத்தில் பத்துத் தொகுதி முடித்தது எவ்வளவு வேகம் என்பது இப்போது புரிகிறது. அப்போது விமானம்தான் வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டவர்கள் ஆக்ஸ்போர்டு ஜூனியர் என்சைக்ளோபீடியாக்காரர்கள். 1948-இல் தொடங்கினார்கள். தொகுதிக்கு ஒரு துறை, துறைக்குள் அகரவரிசை, பன்னிரண்டு தொகுதி முடிந்ததும் பதிமூன்றாவதாகத் தனி இன்டெக்ஸ். விவசாயமும் மீன்பிடியும் ஒரு முழுத் தொகுதி. சட்டமும் ஒழுங்கும் இன்னொன்று. போர் முடிந்து மூன்றே வருஷம் ஆன நாட்டில் குழந்தைக்குத் தனித் தொகுதி போட்டுச் சட்டம் சொல்லித்தர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். எனக்கு அந்த செட்டில் பிடித்ததே அந்தத் தொகுதி இருக்கிற விஷயம்தான். படிக்க உட்கார்ந்தால் கொட்டாவி வரும்.

அமெரிக்க செட்டுகளான வேர்ல்டு புக் (1917), காம்ப்டன்ஸ் (1922) இரண்டும் அகரவரிசை. பள்ளி வீட்டுப்பாடத்துக்கு எடுத்துப் பார்க்கிற புத்தகம் அப்படித்தான் இருக்கமுடியும். அவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வருஷத்தைக் கணக்குப் போடுவது

மீயின் தொகுதிகளில் பெரும்பாலும் அச்சான வருஷம் இருக்காது. விற்பவருக்கு வசதி, நமக்குத் தலைவலி. கணக்கு டீச்சருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று கண்டுபிடித்தால் போதும்.

கீழ் எல்லைக்கு, புத்தகத்தில் இருக்கும் ஆகப் புதிய செய்தியைத் தேடவேண்டும். என் செட்டில் கோள்களைப் பற்றிய அத்தியாயத்தில் புளூட்டோ இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்டது 1930. ஆக அதற்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை. மேல் எல்லையைப் புத்தகத்துக்குள் தேடாதீர்கள். அட்டையின் உள்பக்கம் பாருங்கள். யாரோ ஒரு பையனுக்குப் பரிசாகக் கொடுத்த சீட்டு என் மூன்றாம் தொகுதியில் ஒட்டியிருக்கிறது, 1937 என்று மசியில் எழுதி. 1930-க்கும் 1937-க்கும் நடுவே என்று கட்டம் போட்டாயிற்று.

மற்ற செட்டுகளுக்குக் கீழ் எல்லை பிடிக்க, நான் வைத்திருக்கும் இன்னொரு அளவுகோல் வியாழனின் நிலாக்கள். கலிலியோ 1610-இல் கண்டது நான்கு. ஐந்தாவது 1892. ஆறு 1904, ஏழு 1905, எட்டு 1908. மீ முதல் இதழ் போட்ட அதே வருஷம். ஒன்பது 1914. 1938-இல் ஒரே வருஷம் இரண்டு சேர்ந்து பதினொன்று. பன்னிரண்டு 1951, பதின்மூன்று 1974. அதற்குப் பிறகு விண்கலம் போய் எண்ணிக்கையை எகிறவைத்துவிட்டது, அளவுகோல் உடைந்துபோனது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முக்கால்வாசிக்கு எந்தக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் திறந்தாலும் ‘வியாழனுக்கு எத்தனை நிலா?’ என்று கேளுங்கள், பதில் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. பதிப்பாளர்கள் ஒவ்வொரு அச்சுக்கும் எல்லாப் பக்கத்தையும் திருத்தமாட்டார்கள். ஒரு பக்கம் புதிதாக இருக்கும், பத்துப் பக்கம் தள்ளி இருபது வருஷப் பழசு அப்படியே கிடக்கும். அதனால் பழைய செய்தி எதையும் நிரூபிக்காது; புதிய செய்தி மட்டும்தான் சாட்சி. ‘எட்டு நிலா என்று போட்டிருக்கிறது, ஆக 1914-க்கு முந்தையது’ என்று யாராவது விலை ஏற்றினால் நம்பவேண்டாம்.

நம் பக்கத்துப் புத்தகங்களுக்கு வேறு அடையாளங்கள் பயன்படும். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி. அதே ஜூலையில் நிலவில் மனிதன் இறங்கினான். பாகிஸ்தான் பிரிந்தது 1971, சிலோன் என்ற பெயர் போய் ஸ்ரீலங்கா வந்தது 1972. குழந்தைகள் கலைக்களஞ்சியம் வெளிவந்துகொண்டிருந்த எட்டு வருஷத்துக்குள் இத்தனையும் நடந்திருக்கிறது. முதல் தொகுதியையும் கடைசித் தொகுதியையும் பக்கத்தில் வைத்து, மாநிலத்தை, நிலவை, பக்கத்து நாடுகளை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இரண்டு கலைக்களஞ்சியமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன, காசு கொடுக்கவேண்டியதில்லை.

ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு துரத்துங்கள்

எல்லாவற்றையும் படிக்க ஆயுசு போதாது. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற செட்டில் எல்லாம் அதையே பாருங்கள். சோறு, குளியல், காக்கை, எதுவாகவும் இருக்கலாம். என் தொழில் புத்தி, நான் எடுத்தது பள்ளிக்கூடம்.

கொமேனியஸ் புத்தகத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. மேலே மரக்கட்டைச் செதுக்கலில் ஒரு படம். படத்துக்குள் பொடிப் பொடியாக எண்கள். கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் வாக்கியங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் படத்திலுள்ள அதே எண். ஆசிரியர் என்றால் படத்தில் ஒரு எண், அவர் நாற்காலிக்கு ஒன்று, பெஞ்சில் உட்கார்ந்த பையன்களுக்கு ஒன்று, சாக்பீஸால் எழுதிய பலகைக்கு ஒன்று. எண்ணைப் பிடித்துக்கொண்டு கண் படத்துக்கும் சொல்லுக்கும் போய்ப் போய் வரும். இன்றைக்கு அறிவியல் புத்தகத்தில் இதயத்தின் பாகங்களைக் குறிக்கிறோமே, அதே உத்தி. கடைசி வாக்கியத்தில், அரட்டை அடித்துக்கொண்டு அலட்சியமாக இருக்கும் சில பையன்களுக்கு அடி விழுகிறது. எதால் என்பதற்கும் எண் உண்டு: தடிக்கு ஒன்று, பிரம்புக்கு ஒன்று. முந்நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய பையன் இந்தப் படத்தில் தன்னையே தேடியிருப்பான். பிரம்பையும் தேடியிருப்பான்.

மீயிடம் போனால் பள்ளிக்கூடம் தலைப்பாக இல்லை, ஒரு பிரிவாகவே உட்கார்ந்திருக்கிறது. வாசிப்பு, கணக்கு, இசை, ஓவியம், பிரெஞ்சு என்று புத்தகமே பாடம் எடுக்கிறது. மீ தானே பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திப் பத்திரிகை வேலைக்குப் போனவர். பள்ளிப் படிப்பைத் தொடராதவன் கட்டிய பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கும்.

அப்படிப் புரட்டும்போது ‘நாம்’, ‘நம்முடைய’ என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். மீயின் ‘நாம்’ பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். அதில் இந்தியா ‘நம்முடையது’. அந்த 1937-ஆம் வருஷத்துப் பரிசுப் பையன் இந்தச் சொல்லை எப்படிப் படித்தான், தன்னை உள்ளே சேர்த்துக்கொண்டானா என்று நான் நிறைய நேரம் யோசித்திருக்கிறேன். பேத்தி யாழினிக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது அவள் கேட்டாள், “அம்மிச்சி, அப்போ நாம எந்தப் பக்கத்துல இருக்கோம்?” அவள் புத்தகப் பக்கத்தைத்தான் கேட்டாள். நான் வேறு பதில் சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

தமிழ் அகரவரிசையில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தமிழ் நூல்களில் ‘ர’, ‘ல’ வரிசையில் தேடியது அகப்படாவிட்டால் கைவிடவேண்டாம். ராமன் இராமனாகி ‘இ’யில் இருப்பான், ரோம் உரோமாகி ‘உ’வில் இருக்கும், ரங்கம் அரங்கமாகி ‘அ’வுக்கே போயிருக்கும். ‘ஜ’வில் இல்லாதது ‘ச’வில் இருக்கலாம். தடமறிந்து போனால் ஆள் அகப்படுவார்.

கையாள்வது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்த தப்புகள்தான் அதிகம். கிழிந்த வண்ணப் படத்தாளில் செல்லோ டேப் ஒட்டினேன். இரண்டே வருஷத்தில் பசை பழுப்பாக ஊறி, ஒரு வண்ணத்துப்பூச்சியின் பாதி இறக்கையைத் தின்றுவிட்டது. கிழிசலை அப்படியே விட்டு, நடுவில் ஒரு வெள்ளைத்தாள் வைத்தாலே போதும். பூஞ்சை வாடை அடித்தால் வெயிலில் போடவேண்டாம், சாயம் வெளுக்கும், தாள் நெளியும். காற்றாடும் நிழலில் விசிறி மாதிரி விரித்து நிறுத்தி வைத்து, காய்ந்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அலமாரியில் இறுக்கி அடைக்காதீர்கள். முதுகைப் பிடித்து இழுத்தால் அட்டை மட்டும் கையோடு வரும்.

இன்டெக்ஸ் இல்லாத செட்டுக்கு

என் பத்தாவது தொகுதியை இன்டர்நெட் ஆர்கைவில் கண்டுபிடித்த நாள் குதித்தேன். ஸ்கேன் நன்றாகவே இருந்தது. ‘எறும்பு’ எடுத்துப் பார்த்தேன், போட்டிருந்த பக்கத்தில் ஒரு ராஜா கதை. வேறு பதிப்பு, பக்க எண் எல்லாம் தள்ளிப்போயிருந்தது. ஆகவே வேறொரு பதிப்பின் இன்டெக்ஸை நம்பி இறங்காதீர்கள். மூன்று தலைப்பைச் சோதித்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

வேறு வழி, நாமே எழுதிவிடுவது. இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, பக்கங்களின் மேலே உயிரெழுத்து, மெய்யெழுத்து வரிசை எழுதிக்கொண்டேன். மீயின் பத்துத் தொகுதிக்கும் பக்க எண் தொடர்ச்சியாக ஓடும், ஏழாயிரத்துக்கும் மேல். அதனால் தொகுதி எண் குறிக்கவே வேண்டாம், பக்க எண் ஒன்றே போதும். ஒவ்வொரு தொகுதியின் முதுகிலும் ‘இதிலிருந்து இதுவரை’ என்று சின்னச் சீட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், ஒட்டவில்லை. தினமும் இருபது பக்கம், சாயங்காலம் காபி குடித்த கையோடு. தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் நோட்டில் தமிழில்தான் எழுதுகிறேன், யாழினி தேடவேண்டுமே. ‘பீவர்’ என்ற விலங்கை எந்தப் பெயரில் எழுதுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்க இருவரும் சண்டை போட்டோம். கடைசியில் ‘பீவர்’ என்றே எழுதி, ‘அணை கட்டும் விலங்கு’ என்று ‘அ’விலும் ஒரு வரி போட்டோம்.

நான்காம் தொகுதியில் பாதி வந்திருக்கிறேன். ‘வ’ பக்கத்தில் முதல் வரியாக ‘விமானம்’ என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். பக்க எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறது.